வினாடிக்கு ஒரு கன அடி: பூமியின் தண்ணீர்க் கணக்கும் காவிரி டெல்டாவின் கணக்கும்

பூமியில் உள்ள மொத்தத் தண்ணீர் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகப் பெய்து, ஆறாக ஓடி, மறுபடியும் கடலில் சேர்கிறது. ஒரு சொட்டுகூடக் காணாமல் போவதில்லை. பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஏதோ ஒரு கடைமடைக் கிராமத்தில் வீடு திரும்பும்போது சம்பா நாற்று காய்ந்துகொண்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆழ்துளைப் போரில் வருவது உப்பு. மொத்தம் மாறவில்லை என்றால் இங்கே குறைந்தது எது? நியாயமான கேள்வி இது. ‘நீர்ச்சுழற்சி’ என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

விடையின் முதல் பாதியை இப்போதே சொல்லிவிடலாம். மொத்தம் அணுவளவும் மாறாதது என்பது சரியில்லை. மேலே விண்வெளிக்குக் கொஞ்சம் போகிறது. கீழே பாறைகளுக்குள் கொஞ்சம் இறங்குகிறது. வானிலிருந்து கொஞ்சம் வந்து விழுகிறது. உயிர்களும் நெருப்பும் தினந்தோறும் தண்ணீரைப் பிளப்பதும் சேர்ப்பதுமாக இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தாலும், மனித இனம் வாழ்ந்த காலம் முழுவதிலும் மொத்தம் மாறவில்லை என்றே கொள்ளலாம். எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்பதை டெல்டாவில் டீக்கடைப் பேச்சிலும் புழங்கும் அளவுகளிலேயே போட்டுப் பார்க்கலாம்: கன அடி, டி.எம்.சி.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நின்றால் 93.47 டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது ஆற்றின் ஓராண்டு நீராக எடுத்துக்கொண்டது 740 டி.எம்.சி. பூமியின் மொத்தத் தண்ணீரோ சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர். நம் அளவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 4,900 கோடி டி.எம்.சி. மூன்று மாநிலங்களும் புதுச்சேரியும் பங்குபோடும் ஆறு, அந்த மொத்தத்தில் ஆறரைக் கோடியில் ஒரு பங்கு.

இனி கசிவைப் பார்க்கலாம். காற்று மண்டலத்தின் உச்சிக்குப் போய்ச் சேரும் நீராவியைச் சூரியனின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. ஹைட்ரஜன் மிக இலேசானது. பூமியின் ஈர்ப்பால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. வினாடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் இப்படி விண்வெளிக்குத் தப்பிப் போகிறது. ஒன்பது கிலோ தண்ணீரில் ஒரு கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. ஆகவே 3 கிலோ ஹைட்ரஜன் போவது 27 லிட்டர் தண்ணீர் போவதற்குச் சமம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்.

அதாவது, இந்தப் பூமி முழுவதும் சேர்ந்து விண்வெளிக்கு இழப்பது ஏறக்குறைய வினாடிக்கு ஒரு கன அடி. மேட்டூரிலிருந்து வினாடிக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கன அடி திறப்பதைச் செய்தியில் படித்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணின் சிறுமை உடனே பிடிபடும். நிரம்பிய மேட்டூர் இந்த வேகத்தில் வடிந்தால், வேறு வரத்தே இல்லாவிட்டாலும், வறண்டுபோக ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் ஆகும். கடல்கள் வறள ஒன்றரை லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். பூமிக்கே இப்போது வயது 454 கோடி ஆண்டுகள்தான்.

கசிவு இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் குளிர். நிலத்திலிருந்து மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே போகிறது; நம் அட்சரேகையில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் அது கிட்டத்தட்ட மைனஸ் 80 டிகிரி செல்சியஸ். அங்கே போகும் நீராவி பனித்துகளாகி விழுந்துவிடுகிறது; அதைத் தாண்டிப் போவது மிகச் சொற்பம். இந்தக் குளிர்ந்த அடுக்குதான் பூமியின் கதவு. வெள்ளிக் கோளுக்கு இந்தக் கதவு உறுதியாக இருக்கவில்லை. அங்கே வெப்பம் கூடி, நீராவி உச்சிவரை ஏறி, ஹைட்ரஜன் எல்லாம் போய்விட்டது. எஞ்சியிருப்பதில் டியூட்டீரியம் எனும் எடை கூடிய ஹைட்ரஜனின் விகிதம் பூமியில் இருப்பதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். இலேசானது தப்பிவிட, கனமானது தங்கிவிட்டதன் தடயம் அது. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமடைந்து வருவதால் பூமிக்கும் அந்த நிலை வரும். அதற்கு இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகள் இருக்கின்றன.

வரவுப் பக்கத்தில் விண்கற்களும் விண்தூசியும் கொண்டுவரும் தண்ணீர் இன்று மிகச் சிறியது. பூமி உருவான காலத்தில் கதை வேறு. நம் கடல்களின் பெரும்பகுதி அன்று மோதிய பாறைகளோடு வந்திருக்க வேண்டும். பூமிக்கு அடியிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கடலடித் தட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்று சரியும்போது கனிமங்களில் பிணைந்த நீரும் உள்ளே போகிறது. எரிமலைகள் வழியாக ஒரு பகுதி திரும்புகிறது. 2014இல், பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் நுண்துகளைக் கண்டுபிடித்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்த அந்தத் துகளின் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அந்த ஆழத்து அடுக்கில் எங்கும் இதே நிலைதான் என்றால், நம் காலுக்குக் கீழே இன்னொரு கடலளவு நீர் பாறைக்குள் பிணைந்து கிடக்கிறது. எந்தப் பம்ப்செட்டுக்கும் எட்டாத நீர் அது.

தண்ணீர் புதிதாக உண்டாவதைக் கண்ணால் பார்க்க வைரம் வேண்டாம், சமையலறை போதும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, குளிர்ந்த நீர் நிறைந்த எவர்சில்வர் பாத்திரத்தை அதன்மேல் வையுங்கள். சில நொடிகளில் பாத்திரத்தின் வெளிப்புறம், தீ படும் இடத்துக்குச் சற்று மேலே, முத்து முத்தாக ஈரம் படியும்; பாத்திரம் சூடானதும் மறைந்துவிடும். பாத்திரம் ஒழுகவில்லை. எரிவாயுவின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து அந்த நொடியில் பிறந்த தண்ணீர் அது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதாக எரிந்து முடிவதற்குள் 22 லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாகக் காற்றில் விட்டிருக்கும்.

வயலில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. நெற்பயிர் வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து, அதன் ஹைட்ரஜனை மாவாக்கிக்கொள்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். எடை 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான விதி. அந்த ஈரத்துக்காகவே மழை நாளில் சாலையோரம் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாயால் மூடித் திறந்து விவசாயிகள் படும் பாடு டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 17 சதவீதம் என்றால் மூட்டைக்குள் 6.8 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மீதமுள்ள உலர்ந்த பொருளை உண்டாக்கப் பயிர் பிளந்த தண்ணீர் இன்னும் ஒரு 15 முதல் 20 லிட்டர். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு நம் உடல் எரிக்கும்போது பிளந்த தண்ணீர் மறுபடி உண்டாகிறது. மனித உடலில் ஒரு நாளைக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் இப்படிப் புதுத் தண்ணீர் சுரக்கிறது. வைக்கோலை மாடு தின்றாலும், மட்கினாலும், எரித்தாலும் அதே கணக்குத்தான். பிளந்தது திரும்பிவிடுகிறது.

இப்போது அதே மூட்டையின் இன்னொரு எண்ணைப் பாருங்கள். ஒரு கிலோ நெல்லுக்கு, மழையும் பாசனமும் சேர்த்து, சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குத் தரவேண்டியிருக்கிறது என்பது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீடு. 40 கிலோ மூட்டைக்கு ஒரு லட்சம் லிட்டர். அதில் மூட்டையோடு போனதும் பிளக்கப்பட்டதும் சேர்ந்து முப்பது லிட்டரைத் தாண்டாது. மற்றதெல்லாம் தண்ணீராகவே இருக்கிறது. பாதிக்கு மேல் இலை வழியாகவும் வயல்பரப்பிலிருந்தும் ஆவியாகிப் போயிருக்கும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும், அல்லது வடிகாலில் ஓடியிருக்கும். பூமியின் பேரேட்டில் எதுவும் குறையவில்லை. ஆனால் ஆவியாய்ப் போன அறுபதாயிரம் லிட்டருக்கு அருகான தண்ணீர், பயிரிட்டவரின் வயலுக்குத் திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீராவி காற்றில் தங்குவது சராசரியாக ஒன்பது நாள். அதற்குள் காற்று அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுமோ அங்கேதான் அது மழை.

என் பார்வையில் முழுக் கேள்வியும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. டெல்டா வாழ்வது உலகத்தின் மொத்தத் தண்ணீரை வைத்து இல்லை. அதில் உப்பு நீங்கி, உயரத்தில் விழுந்து, சரியான மாதத்தில் கீழே வரும் ஒரு சின்னப் பங்கை வைத்து. உலகத் தண்ணீரில் 97.5 சதவீதம் உப்பு. நல்ல நீர் 2.5 சதவீதம், அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறை, மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாம் நிலத்தடி. உலகின் எல்லா ஆறுகளிலும் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது சுமார் 75,000 டி.எம்.சி. நம் தலைக்கு மேல் காற்றில் ஆவியாக இருப்பது அதைப் போல் ஆறு மடங்கு.

அந்த ஆவியில் ஒரு பகுதி ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றில் வருகிறது. அரபிக்கடலைக் கடந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிறது. காவிரியாகவும் கபினியாகவும் இறங்கி, பிலிகுண்டுலு வழியாக மேட்டூருக்கு வந்து, முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் எனப் பிரிந்து, கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பகிரப்பட்டு, கடைசியில் வங்கக் கடலில் சேர்கிறது. மேற்குக் கடலின் தண்ணீரைச் சூரியன் உப்பு நீக்கி மலையில் ஏற்ற, கிழக்குக் கடலுக்குப் போகும் வழியில் நாம் பிடித்துக்கொள்கிறோம். நம்முடைய பாசனமெல்லாம் இந்த வழிமறிப்புத்தான். பிடிக்கும் இடமும் நேரமும் தவறினால் மொத்தம் எவ்வளவு இருந்தும் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

மொத்தம் மாறாமலே இடம் மாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கரையே சாட்சி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றும் தண்ணீரின் மொத்தம் இதேதான். ஒரு பெரும்பகுதி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனியாக உறைந்து நிலத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அன்று தரை. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகியது, கடல் ஏறியது, கரை பின்வாங்கியது. இப்போது கடல் மறுபடி ஏறுகிறது. செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய 1993க்குப் பிறகு மட்டும் சுமார் 10 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கடல்நீர் சூடாகி விரிந்ததால் வந்தது. ஒரு சொட்டும் சேராமல் கடல் உயர முடியும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடல்மட்டத்துக்குச் சில அடிகள் மட்டுமே உயர்ந்த நிலங்களுக்கு மொத்தம் மாறவில்லை என்ற செய்தியால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கடல் உயர்வுக்கு நிலத்தடி நீரும் காரணம் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். இறைத்த நீர் ஆவியாகி, மழையாகி, கடைசியில் பெரும்பாலும் கடலில்தான் சேர்கிறது. 1993 முதல் 2010 வரை உலகம் முழுவதும் நிலத்தடியிலிருந்து இறைத்து, மீண்டும் ஊறாமல் போனது 2,150 கன கிலோமீட்டர் என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. நம் அளவில் சுமார் 76,000 டி.எம்.சி.; உலக ஆறுகள் அனைத்திலும் ஒரு நேரத்தில் ஓடும் நீர் அவ்வளவுதான். இதனால் கடல் 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்ததோடு, எடை இடம் மாறியதால் பூமியின் சுழல் அச்சே 80 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

டெல்டாவின் மண்ணுக்கு அடியில் நடப்பது இதே கதையின் சின்ன வடிவம், நமக்கு இன்னும் கொடுமையான வடிவம். கடலோரத்தில் நல்ல நீர் உப்பு நீருக்கு மேலே மிதந்தபடி இருக்கிறது. கடல்நீர் நல்ல நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால், நிலத்தடி நல்ல நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம்வரை நல்ல நீர் நிற்கும். நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. இதைத் திருப்பிப் படித்தால் பயம் வரும். இறைத்து இறைத்து நல்ல நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். எங்கும் அப்படியே நடக்கும் என்பதில்லை. களிமண் அடுக்குகள் தடுக்கும், தாமதப்படுத்தும். திசை மட்டும் மாறாது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போர்த் தண்ணீர் வரும் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க, கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. நிலத்தடியில் தண்ணீரின் அளவு குறையவே இல்லை என்று ஒருவர் வாதாடலாம்: நல்ல நீர் போன இடத்தை உப்பு நீர் நிரப்பிவிட்டது, கொள்ளளவு அதேதான். அந்த வாதம் கணக்கில் சரி. வயலுக்கு அது செத்த தண்ணீர்.

ஆகவே வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் கரைபுரளும்போது ‘இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலந்தது’ என்று சொல்லப்படுவதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தேக்க முடிந்ததைத் தேக்காமல் விட்டது குறைதான். ஏரியும் குளமும் தூர்வாரப்படாமல், தடுப்பணை இல்லாமல், ஆகஸ்டில் கடலுக்குப் போன தண்ணீரைப் பிப்ரவரியில் தாளடிக்குத் தேடுவது வேதனை. ஆனால் ஆறு கடலைத் தொடுவதே வீண் என்று நினைப்பது தவறு. முகத்துவாரத்தில் நல்ல நீர் தள்ளும் வரைதான் கடல் வெளியே நிற்கும். மணல் அள்ளிப் பள்ளமாகிப்போன கொள்ளிடத்தில், ஆறு வற்றிய மாதங்களில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிடுகிறது. இரு கரையிலும் உள்ள கிணறுகள் அதைச் சொல்லும். நடுவர் மன்றமும்கூட 740 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி.யைச் சூழலுக்காகவும் 4 டி.எம்.சி.யைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாகவும் ஒதுக்கியது. என் கருத்தில் அது குறைவான ஒதுக்கீடு.

மன்னார்குடிப் பகுதியில் பழுப்பு நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை டெல்டா மக்கள் எதிர்த்ததன் நியாயமும் இங்கே இருக்கிறது. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயு வெளியேற வேண்டுமானால் முதலில் அதை அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டே கால் கிலோ தண்ணீர் உண்டாகும்; ஆக, பூமிக்குத் தண்ணீர் வரவுதான். எங்கோ ஓர் ஆலையின் புகைபோக்கியில் ஆவியாகும் வரவு, மன்னார்குடியின் நீர்மட்டத்துக்கு ஈடாகாது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. அது வந்திருக்க வேண்டிய சட்டம்.

மொத்தக் கணக்கும் இடக் கணக்கும் மோதிய இன்னொரு இடம் உச்ச நீதிமன்றம். 2018 பிப்ரவரி 16 அன்று வந்த தீர்ப்பு, காவிரியில் தமிழ்நாட்டின் பங்கை, நடுவர் மன்றம் தந்த 419இலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கு. மீதி 10 டி.எம்.சி., தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்தால் கழிக்கப்பட்டது. அதிகமாக இறைத்தால் வரும் ஆபத்தைக் கருதி நீதிமன்றம் பாதியோடு நிறுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த 10 டி.எம்.சி. எங்கிருந்து வருகிறது? மழை ஒரு பங்கு தருகிறது. மற்றொரு பெரும் பங்கு, ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடி, வயலில் நின்று, மண்ணுக்குள் இறங்கிய காவிரியே. மேலே காவிரியாக ஒருமுறையும், கீழே நிலத்தடி நீராக இன்னொரு முறையும் ஒரே தண்ணீரை எண்ணும் ஆபத்து அதில் இருக்கிறது.

மேலே ஓடுவது குறைந்தால் கீழே ஊறுவதும் குறையும். 2012இல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2017இல் அக்டோபர் 2. 2024இல் ஜூலை 28. ஜூன் 12 என்ற வழக்கமான நாள் தப்பிய இத்தகைய ஆண்டுகளில் பம்ப்செட் உள்ளவர்களால்தான் குறுவையை நம்பி நட முடிந்தது. ஊற்றுக் குறைந்த காலத்தில் இறைப்பு மிகுந்தது. தீர்ப்பில் உள்ள 10 டி.எம்.சி. அந்த ஆண்டுகளிலும் அப்படியே 10தான். அதை மாறாத எண்ணாக வைத்திருக்கக் கூடாது. மேட்டூர் திறந்த நாளையும், டெல்டா ஒன்றியங்களின் கிணற்று நீர்மட்டத்தையும், சீர்காழி முதல் வேதாரண்யம் வரை நிலத்தடி நீரில் உப்பு ஏறிய அளவையும் சேர்த்து ஆண்டுதோறும் அளந்து, அந்த எண்ணை மாநிலங்கள் உட்காரும் மேசையில் வைக்க வேண்டும். இதற்கான அளவுக் கிணறுகளும் கருவிகளும் நம்மிடம் இருக்கின்றன.